ஊசி போட்ட மீன்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மேல் தேக்கா ஈரச்சந்தைக்குப் போனால் மீன் கடைகளின் முன் நிற்க இடம் கிடைக்காது. பனிக்கட்டி மேல் கிடக்கும் கொடுவாவின் செவுளைத் தூக்கிப் பார்ப்பவர்கள் ஒரு பக்கம், வஞ்சிரத்தைத் துண்டு போடச் சொல்லிவிட்டுக் காத்திருப்பவர்கள் ஒரு பக்கம். அந்த நெரிசலிலும் வளர்ப்பு மீன் என்று தெரிந்ததும் யாராவது கேட்டுவிடுவார்கள்:

“தம்பி, இது ஊசி போட்ட மீனா?”

“ஐயோ, அதெல்லாம் இல்லக்கா. நல்ல மீன்க்கா.”

‘ஊசி போட்ட’ என்ற அடைமொழி நம்மிடம் கெட்ட பெயர் வாங்கி வெகு காலமாகிறது. ஊசி போட்ட கோழி, ஊசி போட்ட தர்பூசணி என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த வதந்திகளின் நிழல் மீன் மேலும் விழுந்துவிட்டது. கடைக்காரர் பாவம், வியாபாரம் கெடாமல் இருக்க அவசரமாக மறுக்கிறார். அவர் சொல்வது பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும். அதுதான் வருத்தம்.

கேள்வி கேட்ட அக்காவின் பிள்ளைகள் அன்று மாலையே ஏதாவது கடைத்தொகுதியில் சால்மன் சூஷி சாப்பிடக்கூடும். நார்வேயின் பண்ணைகளில் வளரும் சால்மன் அநேகமாக ஒன்று விடாமல் குஞ்சுப் பருவத்தில் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டவை. அந்த ஊசியில் இருப்பது வளர்ச்சி மருந்து இல்லை. குழந்தைக்குப் போடும் முத்தடுப்பு ஊசியைப் போன்ற தடுப்பூசி.

டோரியின் உண்மைப் பெயர்

சிங்கப்பூர் உணவங்காடி நிலையங்களில் ‘டோரி’ என்ற பெயரில் கிடைக்கும் வெள்ளை மீன் துண்டு பல நேரங்களில் டோரி இனமே அல்ல. வியட்நாமின் மேக்கொங் கழிமுகக் குளங்களில் வளரும் பங்காசியஸ் அது. ‘பாசா’ என்ற பெயரிலும் விற்கிறார்கள். செதில் கிடையாது, மீசை உண்டு. நம் ஊர் ஆற்றுக் கெளுத்திக்குத் தூரத்து உறவு. மலாய்க்காரர்கள் ‘கேலி’ என்று அழைக்கும் மீனும் இதே கெளுத்திக் கூட்டம்தான்.

வியட்நாமில் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கும் மேல் பங்காசியஸ் வளர்க்கிறார்கள். சதுர மீட்டருக்கு நாற்பது மீன் என்பது அங்கே சாதாரணம். ஒரு ஹெக்டேர் குளத்தில் நான்கு லட்சம் மீன்கள். அத்தனை நெருக்கத்தில் ஒரு மீனுக்கு வந்த நோய் குளத்தையே காலி செய்ய நாள் கணக்கு போதும்.

அப்படி ஒரு நோய் 1998இல் அங்கே தலைகாட்டியது. செத்து மிதந்த மீனை அறுத்துப் பார்த்தால் கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம் எங்கும் அரிசி நொய் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். வியட்நாம் விவசாயிகள் இதைக் ‘கல்லீரல் சிறுநீரகச் சீழ் நோய்’ என்றே அழைக்கிறார்கள். காரணம் எட்வர்ட்சியெல்லா இக்டலூரி என்ற பாக்டீரியா என்று 2002இல் உறுதியானது. இந்தக் கிருமி அறிவியலுக்குப் புதிதல்ல. 1970களிலேயே அமெரிக்காவின் அலபாமா, ஜார்ஜியா மாநிலக் கெளுத்திக் குளங்களில் கண்டெடுத்து, 1981இல் பெயரும் சூட்டியிருந்தார்கள். அங்கே அதன் நாள்பட்ட வடிவம் இன்னும் கோரமானது. கிருமி மீனின் மூக்கு நரம்பு வழியாக மூளைக்கு ஏறி, கடைசியில் மண்டை ஓட்டிலேயே ஓட்டை போட்டுவிடும்.

விவசாயிக்குக் கைக்கெட்டிய ஆயுதம் ஆன்டிபயாட்டிக்தான். தீனியில் கலந்து போடுவார்கள். இதில் அடிப்படையிலேயே ஒரு கோளாறு இருக்கிறது: நோய் வந்த மீன் முதலில் சாப்பாட்டைத்தான் நிறுத்தும். மருந்துத் தீனியை வயிறாரத் தின்பவை இன்னும் நலமாக இருக்கும் மீன்கள். தின்னாமல் விட்டது நீரில் கரைந்து, குளத்துச் சேற்றில் இருக்கும் ஆயிரம் வகைப் பாக்டீரியாக்களுக்கு மருந்தை எதிர்த்து நிற்கும் பயிற்சியைக் கொடுக்கிறது. அப்படிப் பழகிய எதிர்ப்பு மரபணுவைப் பாக்டீரியாக்கள் ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ளும். நாளை அதே மரபணு நம் மருத்துவமனைக் கட்டில் ஒன்றின் அருகே வந்து நிற்கலாம்.

கிருமியிடமும் ஓர் ஊசி

எட்வர்ட்சியெல்லா குடும்பத்தைப் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பதில் சிங்கப்பூரின் பங்கு சிறியதல்ல. 1990களில் இங்கே வேளாண்மை, மீன்வளம் ஆகியவற்றைக் கவனித்துவந்தது முதன்மை உற்பத்தித் துறை. அதன் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம் பிபிடி. பின்னாளில் வேளாண் உணவு, கால்நடை மருத்துவ ஆணையமாக மாறிய துறை அது. உணவைக் கவனிக்கும் பொறுப்பு 2019 முதல் சிங்கப்பூர் உணவு அமைப்பிடம் இருக்கிறது. அந்தப் பழைய துறை நோயுற்ற மீனிலிருந்து எடுத்துக் கொடுத்த ஒரு கிருமி வகைக்கு ‘பிபிடி 130/91’ என்று பெயர். உலகெங்கும் ஆய்வுக் கட்டுரைகளில் இன்றும் புழங்கும் பெயர் இது. அப்போது அதை எட்வர்ட்சியெல்லா டார்டா என்றார்கள். 2013இல் வகைப்பாடு திருத்தப்பட்டபின் எட்வர்ட்சியெல்லா பிசிசிடா என்கிறார்கள். கெளுத்தியைக் கொல்லும் இக்டலூரிக்கு இது உடன்பிறப்பு.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் லியூங் கா யின் குழுவினர் இந்தக் கிருமியை அலங்கார மீனான நீல குராமியில் ஏற்றிச் சோதித்தார்கள். ஒரே இனக் கிருமிகளில் சில மீனைக் கொல்கின்றன, சில ஒன்றும் செய்வதில்லை, ஏன்? இரண்டு வகைகளும் வெளியே சுரக்கும் புரதங்களை ஒப்பிட்டபோது விடை கிடைத்தது. கொல்லும் வகையிடம் ஊசி இருந்தது.

உவமைக்குச் சொல்லவில்லை. ‘மூன்றாம் வகைச் சுரப்பு அமைப்பு’ என்று அறிவியலார் அழைக்கும் அந்தக் கருவி, பாக்டீரியாவின் மேல்தோலில் நட்டுவைத்த நுண்ணிய ஊசிக்குழல். மீனின் உடலில் கிருமிகளைத் தின்று செரிக்கும் விழுங்கு செல்கள் உண்டு. எட்வர்ட்சியெல்லாவை அவை விழுங்கும். விழுங்கப்பட்ட கிருமி அந்தச் செல்லின் உள்ளேயே தன் ஊசியை நீட்டிப் புரதங்களைச் செலுத்தி, செரிமான இயந்திரத்தைக் குலைத்துவிட்டு, அங்கேயே குடும்பம் பெருக்கும். திருடனைப் பிடித்துப் போட்ட காவல் நிலையத்திலேயே திருடன் குடித்தனம் நடத்துவதுபோல.

இதே குழு 2004இல் இன்னொரு மரபணுத் தொகுப்பையும் கண்டறிந்து ‘எவ்ப்’ என்று பெயரிட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்துக் காலராக் கிருமியில் இதே போன்ற கருவியைக் கண்ட அமெரிக்க ஆய்வாளர்கள் அதற்கு ‘ஆறாம் வகைச் சுரப்பு அமைப்பு’ என்று பெயர் வைத்தார்கள். பெயர் வருவதற்கு முன்பே அதன் முதல் தடயங்களில் ஒன்று சிங்கப்பூர் மீனில் கிடைத்திருந்தது. அந்தக் கருவியின் முக்கியப் புரதம் ஒன்று எப்படி வெளியேறுகிறது என்பதை, அதன் முப்பரிமாண வடிவத்தைக் கொண்டு 2010இல் விளக்கியவர்களில் ஒருவர் அதே பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஜெ. சிவராமன்.

ஊசியைச் செய்யும் மரபணுக்களை வெட்டிவிட்டால் கிருமி பல் பிடுங்கிய பாம்பாகிறது. உயிரோடு இருக்கும், கொல்லாது. அதை மீனுக்குள் விட்டால் மீனின் உடல் எதிரியை ஆபத்தில்லாமல் அறிமுகம் செய்துகொள்ளும். தடுப்பூசி என்ற எண்ணத்தின் சாரமே இந்த அறிமுகம்தான்.

மீனின் நாட்காட்டி

மீனுக்கு எலும்பு மஜ்ஜை கிடையாது, நிணநீர்க் கணுக்களும் கிடையாது. நோயெதிர்ப்புச் செல்கள் பிறப்பது சிறுநீரகத்தின் முன்பகுதியில். அதற்குத் தலைச் சிறுநீரகம் என்று பெயர். ஆனாலும் எதிரியை நினைவில் வைத்துக்கொள்ளும் ஆற்றல் மீனுக்கு உண்டு. எதிர்ப்புரதங்களைச் சுரக்கும். மீனைப் பிடித்தால் கையில் வழுக்கும் கோழையில்கூட அந்த எதிர்ப்புரதங்கள் இருக்கின்றன.

குளிர் ரத்தப் பிராணி என்பதால் அந்த ஆற்றலின் வேகத்தை நீரின் வெப்பம் முடிவு செய்கிறது. ஆகவே மீன் மருத்துவர்கள் நாளை மட்டும் எண்ணுவதில்லை, நாளையும் வெப்பத்தையும் பெருக்கி எண்ணுகிறார்கள். தோராயக் கணக்காக, ஊசி போட்டபின் பாதுகாப்பு உருவாக 500 பாகை நாள் தேவை என்று வைத்துக்கொள்வோம். நார்வேயின் 10 பாகை நீரில் அதற்கு 50 நாள் ஆகும். ஜொகூர் நீரிணையின் 28 பாகை நீரில் 18 நாளில் முடிந்துவிடும். வெப்பமண்டல மீன் சீக்கிரம் பாடம் படிக்கிறது. சிக்கல் என்னவென்றால், அதே வெப்பத்தில் கிருமியும் சீக்கிரம் பெருகுகிறது.

மீன் தடுப்பூசியின் வரலாறு இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொடங்குகிறது. கனடாவில் டஃப் என்ற ஆய்வாளர், கொன்ற பாக்டீரியாவைத் தீனியில் கலந்து ட்ரவுட் மீனுக்குக் கொடுத்து, அது நோயைத் தாங்குகிறது என்று 1942இல் எழுதினார். அடுத்து வந்த ஆன்டிபயாட்டிக் அலையில் அந்த யோசனை மூழ்கியது. மருந்து மலிவாகக் கிடைக்கும்போது தடுப்பூசியை யார் தேடுவார்கள்? விற்பனை உரிமம் பெற்ற முதல் மீன் தடுப்பூசி அமெரிக்காவில் 1976இல்தான் வந்தது.

திருப்புமுனை நார்வேயில் நடந்தது. 1987இல் அந்த நாட்டு மீன் பண்ணைகள் ஏறத்தாழ 50 டன் ஆன்டிபயாட்டிக் பயன்படுத்தின. வளர்த்த மீன் சுமார் 50,000 டன். கிலோ மீனுக்கு ஏறக்குறைய ஒரு கிராம் மருந்து. 1990களின் தொடக்கத்தில் எண்ணெய் கலந்த தடுப்பூசி வந்தது. எண்ணெய் வயிற்றுக்குள் தங்கி, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவிடும். இன்று நார்வே ஆண்டுக்கு 15 லட்சம் டன் அளவில் மீன் வளர்க்கிறது. மொத்த ஆன்டிபயாட்டிக் ஒரு டன்னைத் தொடுவதே அரிது. கிலோவுக்கு ஒரு கிராமாக இருந்தது ஒரு மில்லிகிராமுக்கும் கீழே வந்துவிட்டது.

நான்கு லட்சம் ஊசிகள்

அப்படியானால் மேக்கொங் கெளுத்திக்கு ஏன் எல்லாரும் போடவில்லை? தடுப்பூசி இல்லாமல் இல்லை. நார்வேயின் பார்மாக் நிறுவனம் இக்டலூரிக்கு எதிரான தடுப்பூசிக்கு 2013இல் வியட்நாமில் உரிமம் பெற்றது. பின்னர் ஏரோமோனாஸ் ஹைட்ரோபிலா என்ற இன்னொரு கிருமியையும் சேர்த்து இரட்டைத் தடுப்பூசியாகக் கொண்டுவந்தது.

தடை கணக்கில் இருக்கிறது. ஊசி போடுவதற்கு முன் மீனைப் பட்டினி போட வேண்டும். பிறகு மயக்க மருந்து கலந்த தொட்டியில் விட வேண்டும். அந்த மயக்க மருந்துகளில் ஒன்று, நாம் பல்வலிக்கு வைக்கும் கிராம்பு எண்ணெயின் சத்தான யூஜெனால். மயங்கிய மீனைத் திருப்பி, வயிற்றின் நடுக்கோட்டில் துடுப்புக்குச் சற்று முன்னால் குத்தி, சொட்டளவு மருந்தைச் செலுத்த வேண்டும். ஆழம் தவறினால் குடல் கிழியும். கைப்பழக்கம் உள்ள ஒருவர் மணிக்கு ஆயிரம் மீனுக்குப் போடுகிறார் என்று வைத்துக்கொண்டால், நான்கு லட்சம் மீன் உள்ள ஒரே குளத்துக்குப் பத்துப் பேர் எட்டு மணி நேர வேலையாக ஐந்து நாள் உட்கார வேண்டும். சால்மன் விலை உயர்ந்த மீன், செலவைத் தாங்கும். கிலோவுக்குச் சில காசு லாபம் பார்க்கும் கெளுத்தி விவசாயி கூட்டிக் கழித்துப் பார்க்கிறார். நோய் வராமலே போகலாம் என்ற நம்பிக்கைக்குச் செலவு ஒன்றும் இல்லை.

அமெரிக்கர்கள் ஊசியே இல்லாத வழியைத் தேடினார்கள். அலபாமாவின் ஆபர்ன் நகரில் அந்நாட்டு வேளாண் துறை ஆய்வாளர்களான கிளேசியஸும் ஷூமேக்கரும், ரிஃபாம்பிசின் மருந்தில் வளர்த்து வளர்த்து வீரியம் இழக்கச் செய்த இக்டலூரி வகையை உருவாக்கினார்கள். குஞ்சுகளைச் சில நிமிடம் அந்தக் கரைசலில் குளிப்பாட்டினால் போதும். பொரித்துப் பத்து நாளான குஞ்சை லாரியில் ஏற்றும் முன் குளிப்பாட்டுவது எளிது. ஆனால் அந்த வயதில் குஞ்சின் நோயெதிர்ப்பு அமைப்பு முழுதாக விளைந்திருக்காது. வசதியான நாளில் பாடம் ஏறாது, பாடம் ஏறும் நாளில் மீன் குளத்துக்குள் போய்விட்டிருக்கும். பின்னர் மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குளத்தில் வளர்ந்துவிட்ட குஞ்சுகளுக்கு உயிருள்ள வலுக்குறைந்த கிருமியைத் தீனியில் தெளித்துக் கொடுத்தார்கள். டஃப் தொடங்கிய இடத்துக்கே அறிவியல் திரும்பி வந்தது, கூடுதல் அறிவோடு.

சிங்கப்பூரும் இந்தத் தேடலில் இருந்தது. கொடுவாவைத் தாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனியே, திலாப்பியாவைத் தாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே ஆகிய கிருமிகளுக்கான தடுப்பூசிகள், இங்கே இயங்கிய பன்னாட்டுக் கால்நடை மருந்து நிறுவனம் ஒன்றின் ஆய்வகத்தில் உருவானவை. சென்னையில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம், கொடுவாவின் நரம்பைத் தாக்கும் வைரசுக்கு எதிராக ‘நோடாவாக்-ஆர்’ என்ற தடுப்பூசியைக் கொண்டுவந்திருக்கிறது.

கஞ்சிக் கிண்ணத்தில் வந்த கிருமி

மீனுக்கு நோய் வந்தால் நமக்கு என்ன என்று கேட்பவர்களுக்கு 2015ஆம் ஆண்டை நினைவூட்ட வேண்டும். அந்த ஆண்டு சிங்கப்பூர் மருத்துவமனைகளில் ‘பி’ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றோடு வந்தவர்களின் எண்ணிக்கை திடீரென ஏறியது. வழக்கமாக ஆண்டுக்குச் சுமார் 150 பேர். அந்த ஆண்டு 350ஐத் தாண்டியது. வழக்கமாக இந்தக் கிருமி பச்சிளங்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நோயாளிகளையும் தாக்குவது. இப்போது நல்ல உடல்நிலையில் இருந்த பெரியவர்களுக்கே மூளைக்காய்ச்சலும் மூட்டுத் தொற்றும் வந்தன.

மரபணு வரிசையைப் படித்தபோது ‘எஸ்டி 283’ என்ற ஒரே வகை திரும்பத் திரும்ப வந்தது. சுமார் 150 பேரின் தொற்று பச்சை நன்னீர் மீனோடு தொடர்புடையது என்று தெரிந்தது. கஞ்சியோடு பச்சையாகப் பரிமாறிய மீன் துண்டுகள் அவை. சீனர்கள் ‘சோங்’ என்று அழைக்கும் பெருந்தலைக் கெண்டை ஒன்று. மற்றொன்று ‘தோமான்’, நம் விராலின் பெரிய அண்ணன். அந்த டிசம்பரில் உணவுக் கடைகளில் நன்னீர் மீனைப் பச்சையாகப் பரிமாறத் தடை வந்தது.

லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் டான் டோக் செங் மருத்துவமனையின் திமத்தி பார்க்கமும் சக ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் பெரிய படத்தைக் காட்டியது. இதே எஸ்டி 283 தென்கிழக்காசிய நாடுகளில் நோயுற்ற திலாப்பியாக்களிலும் நோயுற்ற மனிதர்களிலும் பரவலாக இருந்தது. மேலே சொன்ன திலாப்பியா தடுப்பூசி எந்தக் கிருமிக்கு எதிரானதோ, அதே அகலாக்டியேதான் மருத்துவர்கள் ‘பி’ பிரிவு என்று அழைப்பது. மீன் மருத்துவரும் மனித மருத்துவரும் ஒரே எதிரியை இரண்டு பெயரில் அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு தடுப்பூசி எல்லா வகைக்கும் ஒத்துவராது என்பதையும் சொல்ல வேண்டும். அகலாக்டியேவில் பல உட்பிரிவுகள் உண்டு. ஒன்றுக்குச் செய்த ஊசி மற்றொன்றுக்கு எதிராகத் தடுமாறலாம். ஊசி போட்ட மீன் நோயில் விழாமல் கிருமியைச் சுமந்து திரியவும் கூடும். ஆகவே தடுப்பூசி நல்ல நீர், நெரிசல் இல்லாத குளம், சுத்தமான குஞ்சு ஆகியவற்றுக்கு மாற்று இல்லை. அவற்றோடு சேர்ந்து நிற்பது.

கேள்வியைக் கொஞ்சம் மாற்றலாம்

சிங்கப்பூர் சாப்பிடுவதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. 2030க்குள் நம் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை இங்கேயே விளைவிப்போம் என்று 2019இல் வைத்த இலக்கை 2025இல் மாற்றி, 2035க்குள் புரதத்தில் 30 விழுக்காடு, நார்ச்சத்தில் 20 விழுக்காடு என்று அமைத்திருக்கிறார்கள். புரதம் என்றால் முட்டையும் மீனும்தான் முன்னால் நிற்கும். உள்ளூர்ப் பண்ணை பெருகினாலும் மேக்கொங்கும் ஜொகூரும் நம் தட்டை விட்டுப் போகப்போவதில்லை. அந்தக் குளங்களில் என்ன மருந்து விழுகிறது என்பது நம் வீட்டு விஷயம்.

வாங்குபவர் கேட்பதைத்தான் விற்பவர் கொண்டுவருவார். ஊசி போட்ட மீன் வேண்டாம் என்று நாம் முகம் சுளித்துக்கொண்டே இருந்தால், தடுப்பூசிக்குச் செலவழித்த விவசாயி அதை வெளியே சொல்லவே அஞ்சுவார். ஆன்டிபயாட்டிக்கில் மீனை ஊறவைத்தவர் ‘ஊசியே போடாத மீன்’ என்று பெருமையாக விற்பார். இரண்டாமவர் சொல்வது பொய்யும் ஆகாது. பொட்டலத்தின் மேல் ‘ஆன்டிபயாட்டிக் இல்லாமல் வளர்த்தது’, ‘தடுப்பூசி போட்டது’ என்று அச்சிடும் வழக்கம் வந்தால் அந்தப் பெருமை இடம் மாறும். கேட்க வேண்டியவர்கள் நாம்.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியது எளிது. நன்னீர் மீனைப் பச்சையாகச் சாப்பிட வேண்டாம். கையில் வெட்டுக்காயம் இருந்தால் மீன் கழுவும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். குழம்பு நன்றாகக் கொதிக்கட்டும். ஊசி மீனைக் காக்கும். நம்மைக் காப்பது அடுப்பு.